நீலப் பொடியின் மேல் வைத்த கற்கள்

பேசுவதற்கு முன்னால் அக்கா தோள்துண்டின் நுனியை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றுவார். ஒரு சுற்று, சில சமயம் இரண்டு. சுற்றிய வேகத்திலேயே பிரித்துவிட்டு, பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமல் ஆரம்பிப்பார். நாங்கள் எங்கள் மொழியில் சொன்னதை அவருடைய ஊராருக்கு அவர்கள் மொழியில் சொல்ல, அந்தச் சின்ன இடைவெளி அவருக்கு வேண்டியிருந்தது.

கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. யாராவது நேராகப் பார்த்தால் எனக்குப் பேனா நழுவும். அதனால் முகங்களை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாலைந்து கூட்டங்களில் அதன் போக்கு பிடிபட்டது. ஒரு சுற்று என்றால் சொன்னதை அப்படியே சொல்லப் போகிறார். இரண்டு என்றால் முனையை மழுங்கடித்துச் சொல்வார். எங்கள் ஒருங்கிணைப்பாளர், "முன்னேறணும்ங்கிற எண்ணம் உங்களுக்கே வரணும்" என்று தொடங்கிவிட்டால் மூன்று சுற்றுக்கூட ஆகும். அப்படி ஒருநாள் அவர் அரைமணி நேரம் பேசியதை அக்கா நாலே வாக்கியத்தில் முடித்தார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"என்னக்கா சொன்னீங்க?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"சார் நல்லவர், தொண்டை காஞ்சு போச்சு, இப்ப முடிச்சுடுவார், யாரும் எழுந்து போகாதீங்கன்னு சொன்னேன்."

எங்களுடையது மலைப்பக்கத்துப் பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம். கீழே நகரத்தில் இரண்டு அறை அலுவலகம், ஒரு ஜீப், ஒரு மருத்துவ வண்டி. அக்கா அந்த ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பத்தாறு வீடுகள் உள்ள ஊர். எங்களுக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்பவர் என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் அவரை நடு அக்கா என்றார்கள். என்னை அவர் நோட்டுத் தம்பி என்றார். ஒருங்கிணைப்பாளர் எதைப் பேசினாலும் ஒரு பெரிய தாளை விரித்து வட்டம் போடுவார். அவர் சார்ட் சார்.

எங்களுக்கு முன்னால் அங்கே மூன்று நிறுவனங்கள் வந்து போயிருந்தன. அவற்றின் நீளமான பெயர்கள் யாருக்கும் நினைவில்லை. விட்டுப்போன பொருளை வைத்துத்தான் அடையாளம். தையல் மிஷின்காரங்க, கோழிக்காரங்க, கக்கூஸ்காரங்க. தையல் மிஷின் இரண்டு வீட்டில் மேசையாக இருந்தது. கோழிகளை முதல் மாதமே மரநாய் தின்றுவிட்டது. கழிப்பறைகளில் மழைக்கு நனையாமல் விறகு அடுக்கியிருந்தார்கள்.

"உங்களை என்னக்காரங்கன்னு கூப்பிடப் போறோமோ, பார்ப்போம்" என்றார் அக்கா, நான் முதல்முறை போனபோது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவ வண்டியை அவர்கள் அப்படிக் கேலி செய்யவில்லை. வாரம் ஒருநாள் அது ஓடையின் இந்தக் கரையில் வந்து நிற்கும். ஊரார் முழங்கால் நனைய இறங்கி வருவார்கள். அதில் வரும் செவிலியருக்குக் கட்டைக்குரல், யாரையும் திட்டுவார். அவருக்காகக் காட்டுப் பழங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் மர அறுவை மில்லில் வேலை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. அந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். எங்கள் மொழியை அக்கா எங்கே கற்றார் என்று ஜீப்பில் ஒருநாள் கேட்டேன். கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அக்காவுக்குப் பதினேழு வயதிருக்கும்போது அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்களாம். டாக்டர் மாத்திரை கொடுத்து ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. ஐந்து நாள் மாத்திரையை ஒரே வேளையில் கொடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு நாள் கண்ணே திறக்கலை. நாங்க அழுது முடிச்சு, குழி எங்கே வெட்டுறதுன்னு பேசிட்டிருக்கோம். அம்மா எழுந்து உட்கார்ந்து, சோறு எங்கேன்னு கேட்டாங்க."

சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கலாமா என்ற தயக்கத்தோடு.

அதற்குப் பிறகு அக்கா அதே ஆஸ்பத்திரியின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடம் படுக்கை விரிப்புகளை வெந்நீர்த் தொட்டியில் போட்டு அலசிக்கொண்டே மொழியைக் காதில் வாங்கினார். "முதல்ல திட்டு எல்லாம் வந்துச்சு. அப்புறம் பொருள் பேரு. நன்றிங்கிறது ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. அந்த ரூம்ல அதை யாரும் பேசலையே." எழுத்து மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மகளைப் படிக்க வைப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். எனக்குச் சொற்களின் மேல் கொஞ்சம் பைத்தியம். அவரிடம் அவர்கள் மொழியில் இதற்கு என்ன, அதற்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் முன்னால் வாய் திறக்காத நான் அவரிடம் மட்டும் பேசினேன். ஒருநாள் தாகத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"அப்படித் தனியா ஒரு பேரு இல்லை தம்பி. நாக்கு ஒட்டுதுன்னு சொல்லுவோம். எங்க ஊர்ல அது யாருக்கு ஒட்டப் போகுது? வீட்டுக்குப் பின்னாடியே ஊத்து."

அதைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

ஊற்று உண்மையிலேயே இருந்தது. கோடையிலும் வற்றாது. அந்த ஊரின் தொல்லை வேறு. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓடை ஆள் உயரத்துக்கு ஓடும். போட்ட மரங்களை ஒவ்வொரு வருடமும் அடித்துக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடம் இந்தக் கரையில். வண்டி நிற்பது இந்தக் கரையில். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய மழையில், அக்காவின் ஓரகத்திக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஒரு பகல் முழுவதும் அந்தக் கரையில் அவரைக் கட்டிலோடு வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தண்ணீர் இறங்கியபோது குழந்தை இல்லை. அக்காவின் மகளுக்கும் அந்த வருடம் பள்ளியில் நாட்கள் குறைந்து, தலைமை ஆசிரியர் கடைசி எச்சரிக்கை என்று சொல்லியிருந்தார். அடுத்த மழையிலும் இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது, பெயரை எடுத்துவிடுவோம் என்று.

எங்கள் நிறுவனத்துக்கு ஒரு முறை உண்டு. ஊருக்கு என்ன வேண்டும் என்பதை நாங்கள் சொல்லக் கூடாது, ஊர் சொல்ல வேண்டும். கொட்டகை முன்னால் தரையைப் பெருக்கி, வண்ணப் பொடிகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். அவர்களே ஊரின் படத்தை வரைவார்கள். பிறகு ஆளுக்கு மூன்று கூழாங்கற்கள். எந்த இடத்தில் கஷ்டமோ அங்கே கல்லை வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே இடத்திலும் வைக்கலாம். நாங்கள் எதிலும் கை வைக்கக் கூடாது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓடையை நீலப் பொடியால் வரைந்தார்கள். ஓரகத்திதான் முதலில் எழுந்தார். ஒல்லியான பெண். மூன்று கற்களையும் நீலக் கோட்டின் மேல், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். விழுந்த ஒன்றை மறுபடி எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு வரிசையாக எல்லோரும் அங்கேதான். கடைசியில் நீலமே தெரியவில்லை, கற்குவியல்தான் தெரிந்தது.

"பாலம் வேணும்னு சொல்றாங்க" என்றார் அக்கா. ஒரு சுற்றுதான். "நடந்து போற பாலம் போதும். ஆள் வேலையை நாங்க செய்யுறோம். தூணுக்கு மட்டும் சிமெண்டு வேணும்னு சொல்றாங்க."

எழுதிக்கொண்டேன். படம் எடுத்தோம். ஜீப் ஏறும்போது அக்கா, "கேட்டவங்கள்ல நீங்கதான் தம்பி கடைசிவரைக்கும் எழுதினவங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் சார்ட் சார் என்னைக் கூப்பிட்டார். பணம் கொடுக்கும் மேலிடத்திலிருந்து வந்த படிவம் மேசையில் இருந்தது.

"இந்த வருஷம் குடிநீர், சுகாதாரம் ரெண்டுதாம்ப்பா. பாலத்துக்கு இதுல கட்டமே இல்லை."

"அவங்க கேட்டது பாலம்தானே சார்."

"தெரியாமயா சொல்றேன்? பாலம்னு எழுதினா திருப்பி அனுப்பிடுவான். இது போச்சுன்னா மருத்துவ வண்டியும் போச்சு, ரெண்டும் ஒரே திட்டம்." படத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "கல்லு எது மேல இருக்கு? நீலத்து மேல. நீலம்னா தண்ணி. நீ எழுது, உனக்குத்தான் நல்லா வருமே."

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. காய்ச்சல்காரர் ஒருவரை முதுகில் சுமந்து அந்த ஓடையைக் கடந்தவர் அவர். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. நான் அந்த அறிக்கையை இருபது நிமிடத்தில் எழுதினேன். முதல் பத்தி சவசவ என்று இருந்தது. குறிப்பேட்டைப் புரட்டினேன். கோடு போட்ட வரி கண்ணில் பட்டது. 'தாகம் என்ற சொல்லே இவர்களிடம் இல்லை. நாக்கு ஒட்டிக் கிடக்கிறது என்பார்கள்' என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு தானாக ஓடியது. எழுதி முடித்து மறுபடி படித்துப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம் என்று சொன்னால், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது.

திட்டம் ஒரே மூச்சில் அனுமதியானது. அறிக்கையை மேலே பாராட்டினார்களாம்.

ஓடையிலிருந்து தண்ணீரை ஏற்ற வசதியாக, வண்டி வந்து நிற்கும் இந்தக் கரையிலேயே, தூண்கள் மேல் தொட்டி என்று முடிவானது. வெளியூர் ஆட்கள் வந்து குழி வெட்டத் தொடங்கினார்கள். நான் படம் எடுக்கப் போனேன். குழிகளைச் சுற்றி ஊரே நின்றது. ஓரகத்தி அக்காவின் தோளை இடித்து ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"தூணை ஆழமா போடச் சொல்றா. போன வருஷத்துத் தண்ணி அந்தப் பாறை வரைக்கும் வந்துச்சாம். நீங்க பார்த்ததில்லைல்ல, அதான்."

அவர்கள் அது பாலத்தின் தூண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நான் பாறையைப் பார்த்து, "ஆமாக்கா, ஆழமாத்தான் போடுறாங்க" என்றேன்.

நாலாவது குழியும் இந்தக் கரையிலேயே வெட்டப்பட்டபோது, அக்காவின் கணவர் மில்லிலிருந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "பாலம் எந்தப் பக்கம் போகுது, வானத்துக்கா?" என்று கேட்டதாகச் செவிலியர் சொல்லிச் சிரித்தார். நான் அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கம் போகும் வேலைகளையெல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டேன்.

திறப்பு விழா மழைக்கு இரண்டு வாரம் முன்பு. முந்தின நாளே தகரப் பலகை நட்டிருந்தார்கள். அதில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே என்னுடைய வரி: 'நாக்கு ஒட்டிக் கிடந்த ஊருக்கு நீர் வந்தது.' சார்ட் சார் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்து அதைச் செய்திருந்தார்.

காலையில் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டிருந்தார். துண்டைத் தொடவே இல்லை.

"தம்பி, அன்னைக்கு ஓடைன்னுதானே எழுதினீங்க?"

"ஓடைன்னுதான்க்கா எழுதினேன். பாலம்னுதான் எழுதினேன். மேலதான் மாத்திட்டாங்க."

குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன் என்று எனக்குள்ளே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விழாவில் சார்ட் சார் பேசினார். மேலிடத்தார் இருவர் முன்வரிசையில். "நீங்க கேட்டீங்க, நாங்க கொடுத்திருக்கோம். உங்க கையாலேயே கல்லு வெச்சுக் கேட்டீங்க" என்றார். ஊரார் அக்காவைப் பார்த்தார்கள்.

அவர் துண்டைச் சுற்றினார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறுவரை போனது. விரல் நுனி வெளுத்துவிட்டது. பிரிக்காமலே பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார், சார்ட் சார் பேசியதைவிட நீளம். யாரும் சிரிக்கவில்லை. பாதியில் ஓரகத்தி எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். அவர் பின்னால் அவருடைய கணவர், அக்காவின் கொழுந்தன். போகிற போக்கில் அக்காவின் காலடியில் எச்சிலைத் துப்பினார். அக்கா நகரவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மேலிடத்தார் ஒருவர்.

"ஒண்ணுமில்லை சார்" என்றார் அக்கா எங்கள் மொழியில். "ரொம்ப நன்றின்னு சொல்றாங்க."

சார் பேசியதை விளக்கியபோது ஏதோ குடும்பச் சண்டை மூண்டுவிட்டது என்று ஜீப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படி நம்ப முயன்றேன்.

அதன் பிறகு அக்கா கூப்பிட்டால் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. கொட்டகையில் அவரும் நாங்களும் மட்டும் உட்கார்ந்திருப்போம். அடுத்தடுத்து மூன்று கூட்டம் அப்படிப் போனது. ஊரில் செல்வாக்கு இல்லை என்று எழுதி அவரை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எழுதியதும் நான்தான். எழுதுவது என் வேலை. மழை வந்தது. மகளின் பெயரைப் பள்ளியில் எடுத்துவிட்டார்கள். அக்கா மறுபடி ஆஸ்பத்திரிச் சலவை அறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆஸ்பத்திரி என் அறையிலிருந்து இரண்டு தெரு. ஒருநாள் வாசல்வரை போனேன். பின்பக்கத்துக் கம்பியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. திரும்பிவிட்டேன்.

நானும் அந்த வேலையை விட்டு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் சான்றிதழ்களை நகலெடுக்கப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பின்னால் நின்ற பெண் தாளை வாங்கி, பெயரைப் படித்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"நீங்க நோட்டு அண்ணன்தானே?"

அக்காவின் மகள். உயரமாகியிருந்தாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. தாள் மிஷினுக்குள் இருந்ததால் நின்றேன். அம்மா நலம் என்றாள். சித்திக்கு அந்த வருடமே ஆண் குழந்தை பிறந்ததாம். இப்போது ஓடைக்குக் குறுக்கே தடித்த கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

"இந்தப் பக்கம் உங்க டேங்க்கோட தூண்லதான் கட்டியிருக்கோம். ஆழமாப் போட்ட தூண், அசையலை. அதுக்காவது ஆச்சு."

சிரித்தாள். அவள் சிரித்ததால் எனக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

"திறப்பு விழா அன்னைக்கு அம்மா என்னம்மா பேசினாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் தாள்களை அடுக்கினாள். "ஊர்க்காரங்களைப் பார்த்து, நீங்க ஓடைன்னு சொன்னீங்க, நான்தான் அவங்ககிட்ட தண்ணின்னு தப்பாச் சொல்லிட்டேன், எனக்கு அவங்க பேச்சு சரியா வரலை, அவங்க மேல ஒரு தப்பும் இல்லை, திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட மட்டும் சொன்னாங்க, ஊர்ல கோபப்பட்டு டேங்க்காரங்களை விரட்டிட்டா வண்டி நின்னுடும், சித்திக்கு அப்ப அஞ்சாம் மாசம்னு. சித்தப்பா இன்னும் பேசுறதில்லை."

தாள்களை என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன் போலிருக்கிறது. கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தாள்.

"போர்டு நட்ட அன்னைக்குச் சாயங்காலமே என்னைக் கூட்டிட்டுப் போய்ப் படிக்கச் சொன்னாங்க அண்ணா. ரெண்டு தடவை படிச்சேன். கேட்டுட்டு, 'இது நான் தம்பிகிட்ட மட்டும் சொன்னது'ன்னாங்க. அப்புறம், காலையில ஒரு வார்த்தை தம்பியைக் கேட்டுப் பார்க்கணும்னு சொன்னாங்க."